நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் கார் தானாக ஓடுமா?

ஜொகூர் பாரு - விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே மாசாயிலும் ஸ்கூடாயிலும் பல வீடுகளில் விளக்கு எரிந்துவிடும். சிங்கப்பூரில் காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் குளித்து முடித்து, வண்டியைக் கிளப்பிப் பாலத்தை நோக்கிப் புறப்படும் நேரம் அது. அரை மணி நேரம் தாமதித்தால் குடிநுழைவுச் சாவடியில் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும் என்பதால், அவர்கள் அந்த நேரத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

இவர்களில் ஒருவர் டெஸ்லா கார் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அந்த நிறுவனம் ஓட்டுநர்களுக்குப் போடும் பாதுகாப்பு மதிப்பெண் இவருக்கும் போடப்பட்டால், வீட்டு வாசலைத் தாண்டியதுமே மதிப்பெண் குறையத் தொடங்கும். வேகமாக ஓட்டியிருக்க வேண்டாம், யாரையும் இடித்திருக்க வேண்டாம். இரவு பத்து மணியிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குள் ஓட்டினாலே அது ஆபத்துக் கணக்கில் சேரும்.

கார் தானாக ஓடும் மென்பொருளைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் பொதுவாகக் கேட்பது அது எப்போது வரும், என்ன விலை என்பதைத்தான். அதை யார் பயன்படுத்தலாம், அதற்கான தகுதியை யார் நிர்ணயிப்பது என்ற கேள்வி அதிகம் எழுவதில்லை. அமெரிக்காவில் 2021இல் தொடங்கிய ஒரு பரிசோதனை இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதிலைத் தந்திருக்கிறது.

ஐந்து அளவுகோல்கள்

2021 செப்டம்பரில் டெஸ்லா, 'முழுச் சுய ஓட்டம்' என்று தான் பெயரிட்ட மென்பொருளின் சோதனை வடிவத்தைப் பணம் கட்டிய வாடிக்கையாளர்கள் கேட்டுப் பெறலாம் என்று அறிவித்தது. அப்போது அதன் விலை 10,000 அமெரிக்க டாலர். ஆனால் பணம் கட்டியது மட்டும் போதாது. காரே ஓட்டுநரைக் கண்காணித்து, பூச்சியத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போடும், நல்ல மதிப்பெண் வாங்கியவருக்குத்தான் மென்பொருள் என்றது.

தொடக்கத்தில் ஐந்து விஷயங்கள் அளக்கப்பட்டன. முன்னால் மோதப் போகிறீர்கள் என்று கார் எத்தனை முறை எச்சரித்தது, எத்தனை முறை பிரேக்கைப் பலமாக அழுத்தினீர்கள், வளைவில் எவ்வளவு வேகமாகத் திரும்பினீர்கள், முன்னால் செல்லும் வாகனத்தை எவ்வளவு நெருங்கிப் பின்தொடர்ந்தீர்கள், எச்சரித்தும் ஸ்டீயரிங்கைப் பிடிக்காததால் கார் தன் ஓட்டுதவியை நிறுத்திக்கொள்ள நேர்ந்ததா என்பவை அவை. இரவு நேர ஓட்டம், மிகை வேகம், வார்ப்பட்டை அணியாதது ஆகியவை பின்னர் சேர்க்கப்பட்டன. தன் கார்கள் ஓடிய 600 கோடி மைல் தரவிலிருந்து இந்தக் கணக்கை உருவாக்கியதாகவும், பெரும்பாலோர் 80க்கு மேல் வாங்குவார்கள் என்று எதிர்பார்ப்பதாகவும் நிறுவனம் சொன்னது.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு வட்டாரத்தில் அப்போதே எதிர்ப்பு எழுந்தது. அடிப்படையான பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யாமல் இதைப் பரவலாக்கக் கூடாது என்றார் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி. அந்த வாரியத்துக்குப் பரிந்துரைக்கத்தான் அதிகாரம் உண்டு, தடுத்து நிறுத்த இல்லை. 2021 அக்டோபர் 11இல் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு மென்பொருள் போய்ச் சேர்ந்தது. அவர்கள் எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள்.

மதிப்பெண்ணுக்காக ஓட்டியவர்கள்

தேர்வு என்று வந்துவிட்டால் பாடத்தைப் படிப்பவரும் உண்டு, மதிப்பெண் வாங்கும் வழியை மட்டும் படிப்பவரும் உண்டு. எஸ்.பி.எம். எழுதிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஓட்டுநர்களும் அந்த வழியைச் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். பலமாகப் பிரேக் போட்டால் மதிப்பெண் குறையும் என்பதால், மஞ்சள் விளக்கில் நிற்காமல் கடந்து போனதாகச் சிலர் இணையத்தில் வெளிப்படையாகவே எழுதினார்கள். 'ஆட்டோபைலட்' ஓட்டுதவி இயங்கும்போது பிரேக், வளைவுக் கணக்கு ஏறாது, தூரம் மட்டும் சேரும் என்று தெரிந்ததும், ஆளில்லாத நெடுஞ்சாலையில் அதைப் போட்டுவிட்டு மைல்களைக் கூட்டினார்கள். இயல்பான, கவனமான ஓட்டுதலும் மதிப்பெண்ணைக் குறைக்கலாம், இது தவறான பழக்கத்தை வளர்க்கலாம் என்று 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' நுகர்வோர் அமைப்பு கவலை தெரிவித்தது.

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். அதே அக்டோபர் மாதக் கடைசியில் வெளியான புதுப்பிப்பில், எதிரே ஒன்றுமே இல்லாதபோது மோதல் எச்சரிக்கை ஒலித்தது. சில நேரம் கார் தானாகவே பிரேக் போட்டது. 11,704 கார்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. பலமாகப் பிரேக் போடாதவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்ட ஓட்டுநர்களின் கையில், காரணமின்றிப் பிரேக் போடும் மென்பொருள் கொடுக்கப்பட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் இன்னொரு திரும்பப்பெறும் அறிவிப்பு: நிறுத்தப் பலகை இருக்கும் சந்திப்பில் முழுமையாக நிற்காமல் மெல்ல உருண்டு கடக்க மென்பொருள் அனுமதித்ததால் 53,822 கார்கள். நம் ஊரில் அப்படிக் கடப்பவருக்குச் சம்மன்தான் கிடைக்கும்.

மதிப்பெண் ஓட்டுநரைத்தான் சோதித்தது. மென்பொருளைச் சோதித்த இடம் பொதுச் சாலை.

வரம்பு தளர்ந்த கதை

நூறு என்றிருந்த தகுதி 99 ஆனது, 98 ஆனது, 2022 செப்டம்பரில் 80 ஆனது. அதே மாதம் மென்பொருளின் விலை 15,000 டாலராக ஏறியது. நவம்பர் 24ஆம் தேதி எலான் மஸ்க் ஒரே வரியில் அறிவித்தார்: வட அமெரிக்காவில் இந்த வசதியை வாங்கிய எவரும் இனிக் கேட்டுப் பெறலாம். மதிப்பெண் தேவையில்லை.

பாதுகாப்புக்கு அவ்வளவு முக்கியம் என்று சொல்லப்பட்ட ஒன்று ஏன் ஒரே நாளில் தேவையற்றுப் போனது? மென்பொருள் அந்த அளவுக்குத் தேறிவிட்டது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடாக இருக்கலாம். கணக்குப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் முன்பணம் கட்டியும் வசதி கைக்கு வராத வரையில், அந்தப் பணம் முழுவதையும் வருவாய் என்று கணக்கில் எழுத முடியாது. எல்லாருக்கும் திறந்துவிட்ட அந்தக் காலாண்டில் 324 மில்லியன் டாலரை டெஸ்லா வருவாயாகச் சேர்த்துக்கொண்டது. மூன்று மாதங்கள் கூட ஆகவில்லை, 2023 பிப்ரவரியில் அதே மென்பொருள் உள்ள 362,758 கார்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியானது. சந்திப்புகளில் சட்டத்தை மீறி நடந்துகொள்ளக் கூடும் என்பது காரணம்.

இந்த மதிப்பெண் ஏமாற்று வேலை என்று இதற்குப் பொருளில்லை. அதை வைத்தவரே நினைத்தபோது எடுத்துவிடலாம், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வாகன உரிமத்தை வழங்கும் அரசுத் துறை இப்படிச் செய்ய முடியுமா?

இங்கே 32,000 ரிங்கிட்

2023 ஜூலையில் டெஸ்லா மலேசியாவுக்கு வந்தது. முதலில் விற்பனைக்கு வந்த மாடல் ஒய் 199,000 ரிங்கிட்டில் தொடங்கியது. கூடுதலாக 32,000 ரிங்கிட் கட்டினால் 'முழுச் சுய ஓட்டத் திறன்' என்று விலைப்பட்டியலில் ஒரு வரி இருந்தது. அந்தப் பணத்துக்கு ஒரு பழைய மைவி வாங்கிவிடலாம். கட்டியவர்களுக்குத் தடம் மாறுவது, தானாக நிறுத்துவது போன்ற சில வசதிகள் கிடைத்தன. நகரத்துத் தெருவில் கார் தானாக ஓடும் வடிவம் மலேசியச் சாலைகளுக்கு இன்னும் வரவில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2024இல் டெஸ்லா இந்த மென்பொருளின் பெயருக்குப் பின்னால் 'மேற்பார்வையுடன்' என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் சேர்த்தது. முன்னால் 'முழு', பின்னால் 'மேற்பார்வையுடன்'. தமிழ் வகுப்பில் இப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டம் போடுவார்.

அது வரப் போவதே இல்லை என்றும் இருந்துவிட முடியாது. 2025 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்த மென்பொருள் அறிமுகமானது. இரண்டும் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு இன்னும் தயாராகவில்லை என்ற தடை அதோடு நீங்கியது. மலேசியாவும் 2020 முதல் சைபர்ஜெயாவில் தானோட்ட வாகனச் சோதனைக்கென்றே 7 கிலோமீட்டர் பாதை ஒன்றை ஒதுக்கியிருக்கிறது. அனுமதி கேட்டு யாராவது விண்ணப்பிக்கும் நாள் வரும். எல்லாருக்கும் கொடுப்பதா, நன்றாக ஓட்டுபவருக்கு மட்டும் கொடுப்பதா என்ற பேச்சும் அன்றைக்கு எழும்.

பாசிர் கூடாங்கில் 25 மீட்டர்

நன்றாக ஓட்டுபவர் யார் என்பதை அந்த அமெரிக்கக் கணக்கை வைத்து ஜொகூரில் அளந்து பார்ப்போம்.

மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது, முன்னால் செல்லும் வாகனத்துக்கும் நமக்கும் ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளி இருந்தால் அது ஆபத்தான நெருக்கம். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குக் கார் 25 மீட்டர் போகிறது. பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் 25 மீட்டர் இடைவெளி விட்டு ஓட்டிப் பாருங்கள். அந்த இடத்துக்குள் ஒரு மைவி நுழையும், அதன் பின்னாலேயே இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நுழையும். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரி ஒன்று சிக்னல் போட்டுக்கொண்டு ஓரத்திலிருந்து நகரத் தொடங்கும். இடைவெளியை மீட்க நீங்கள் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அந்தக் குறைப்பு ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டரைத் தாண்டினால் பலமான பிரேக் என்று பதிவாகும். கார் எச்சரிக்கை ஒலி எழுப்பியிருந்தால் அது தனிக் கணக்கு. இடைவெளி விட்டவருக்கு மூன்று இடத்தில் மதிப்பெண் போகலாம். குறுக்கே நுழைந்தவருக்கு ஒன்றும் ஆகாது.

முன்மோதல் எச்சரிக்கை நமக்குப் புதிதுமல்ல. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் உயர் ரகத்திலேயே அது இருந்தது. நெரிசல் நேரத்தில் அது எப்போதெல்லாம் ஒலிக்கும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

வேகத்தின் கதை நேர் எதிர். டெஸ்லாவின் கணக்கில் மிகை வேகம் என்பது மணிக்கு 85 மைலுக்கு மேல், அதாவது 137 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வரம்பு 110. கூலாயிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை 135இல் பறந்து போகும் ஒருவருக்குக் கேமரா சம்மன் அனுப்பும். மதிப்பெண்ணில் மிகை வேகக் கணக்கு அசையாது. அந்த அளவுகோல் அகலமான அமெரிக்க நெடுஞ்சாலைக்கு வெட்டிய சட்டை. நம் உடம்புக்குத் தோளில் இறுக்கும், இடுப்பில் தொங்கும்.

இரவுக் கணக்குக்குத் திரும்புவோம். அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2025 ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரைப் பலிகொண்ட பேருந்து விபத்து நள்ளிரவு தாண்டிய வேளையில்தான் நடந்தது. இருட்டும் தூக்கமும் கொல்லும். ஆனால் இரவில் சாலையில் இருப்பவர்கள் யார்? பாதுகாவலர்கள், மருத்துவமனை ஊழியர்கள், தொழிற்சாலை இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள், லோரி ஓட்டுநர்கள், பாலம் கடக்கும் தொழிலாளர்கள். ஜொகூரில் இந்த வேலைகளில் நம் சமூகத்தினர் எவ்வளவு பேர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பகல் பத்து மணிக்கு அலுவலகம் போகிறவருக்குக் கிடைக்கும் மதிப்பெண், அதே கவனத்தோடு விடியற்காலையில் ஓட்டுபவருக்குக் கிடைக்காது. அங்கே அளக்கப்படுவது ஓட்டுநரின் ஒழுங்கு மட்டுமல்ல, அவருடைய வேலை நேரமும்தான்.

நம்மிடம் இருந்த புள்ளிகள்

ஓட்டுநருக்குப் புள்ளி போடும் முறை மலேசியாவிலும் உண்டு. 2017 ஏப்ரலில் தொடங்கிய ஆவாஸ் முறையின் கீழ் வேக வரம்பைத் தாண்டினாலும் சிவப்பு விளக்கை மீறினாலும் குற்றப் புள்ளி ஏறும். புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும். எந்தக் குற்றத்துக்கு எத்தனை புள்ளி என்பது சட்டப்படி வெளியிடப்பட்ட அட்டவணையில் இருக்கிறது, நீதிமன்றத்துக்கும் போகலாம்.

காகிதத்தில் இது டெஸ்லாவின் கணக்கைவிட நேர்மையானது. நடைமுறையில் எப்படி? கெரிக் விபத்தில் சிக்கிய பேருந்தின் ஓட்டுநர் பேரில் ஏற்கெனவே 18 சம்மன்கள் இருந்தன, அவற்றில் 13 வேகத்துக்காக என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். தகவல் இருந்தது. அது அவரை அன்றிரவு ஸ்டீயரிங்கிலிருந்து விலக்கி வைக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்துதான் கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமானது.

ஆக, ஒரு பக்கம் நுணுக்கமாக அளந்துவிட்டுத் தன் வசதிக்குத் தூக்கிப்போடும் தனியார் மதிப்பெண். இன்னொரு பக்கம் சட்டத்தில் இருந்தும் வேண்டிய நேரத்தில் வேலை செய்யாத அரசுப் புள்ளி. தானாக ஓடும் கார்களுக்கு அனுமதி தரும்போது முதலாவதை அப்படியே இறக்குமதி செய்துவிட்டு, 'ஓட்டுநர்களைத் தரம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்' என்று சமாதானம் சொல்லிக்கொள்வது சுலபம். அது போதாது. மென்பொருளையே மலேசியச் சாலையில், நம் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில், நம் அதிகாரிகள் சோதித்துப் பார்த்த முடிவு வெளியிடப்பட வேண்டும்.

ஏனென்றால் இந்த மதிப்பெண் விவகாரத்தில் யாருமே கேட்காத ஒருவர் இருக்கிறார்: பக்கத்துத் தடத்தில் போகிறவர். நாட்டில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்டோர் சாலையில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கார் உரிமையாளர் 98 வாங்கினாரா 80 வாங்கினாரா என்பது அவர்களுக்குத் தெரியாது. தங்கள் பக்கத்தில் ஓடுவது சோதனை மென்பொருளா என்பதும் தெரியாது. அமெரிக்காவிலும் கேள்வி தீர்ந்துவிடவில்லை; சிவப்பு விளக்கை மீறுவது உள்ளிட்ட புகார்களுக்காக 2025 அக்டோபரில் ஏறத்தாழ 29 லட்சம் டெஸ்லா கார்கள் மீது அந்நாட்டு வாகனப் பாதுகாப்பு ஆணையம் விசாரணை தொடங்கியது.

விபத்து என்று வந்தால் பழி யார் மேல்? நம் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஓட்டுநரைத்தான் பிடிக்கும். மியாமியில் 2025 ஆகஸ்டில் ஒரு நடுவர் குழு வேறு மாதிரி பிரித்தது. ஆட்டோபைலட் இயங்கியபோது 2019இல் நடந்த மரண விபத்தில் ஓட்டுநருக்கு 67 விழுக்காடு, நிறுவனத்துக்கு 33 விழுக்காடு பொறுப்பு என்று சொல்லி, டெஸ்லா 243 மில்லியன் டாலர் கட்ட வேண்டும் என்றது. அப்படிப் பிரிக்க நம் சட்டத்தில் இன்று தெளிவான வழி இல்லை.

மதிப்பெண் எங்கே போய் நின்றது

மென்பொருளுக்கான நுழைவுச் சீட்டாக இருந்த வேலை முடிந்த பிறகும் அந்த மதிப்பெண் சாகவில்லை. அது காப்புறுதிக்குப் போய்விட்டது. 2021 அக்டோபரிலேயே டெக்சஸில் டெஸ்லா தன் சொந்தக் காப்புறுதியைத் தொடங்கியது. ஓட்டிய விதத்தைப் பார்த்து மாதாமாதம் தவணைத் தொகை மாறும். கலிஃபோர்னியாவில் இது நடக்கவில்லை. ஓட்டிய தூரத்தைத் தவிர வேறு எதையும் காரிலிருந்து எடுத்துக் கட்டணத்தை நிர்ணயிக்க அந்த மாநிலச் சட்டம் விடுவதில்லை.

மலேசியாவில் இன்று நமக்குத் தெரிந்தது கோரிக்கையில்லாக் கழிவு. ஓராண்டு கோரிக்கை இல்லாமல் போனால் 25 விழுக்காடு, ஐந்து ஆண்டுகள் போனால் 55 விழுக்காடு. இரவில் ஓட்டினாயா, பிரேக்கை எப்படி அழுத்தினாய் என்று அது கேட்பதில்லை. ஆனால் 2017 ஜூலை முதல் மோட்டார் காப்புறுதிக் கட்டணம் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, நிறுவனங்கள் ஆபத்தைப் பார்த்து விலை வைக்கும் நிலை வந்துவிட்டது. காரின் தரவு ஒரு நாள் அந்த விலைக்குள் நுழைந்தால், டெஸ்லாவைத் தொட்டுக்கூடப் பார்க்காத மாசாய்க்காரருக்கும் இது சொந்தப் பிரச்சினையாகும். விடியற்காலை நான்கு மணிக்குமுன் புறப்படும் பழக்கத்துக்கு அவர் ஒவ்வோர் ஆண்டும் சாலை வரி புதுப்பிக்கும்போது பணம் கட்ட வேண்டியிருக்கும்.

இதில் கையில் இருக்கும் ஒரு கருவியைச் சொல்லலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024இல் செய்யப்பட்ட திருத்தம், ஒருவர் தன்னைப் பற்றிய தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. 2025 ஜூன் 1ஆம் தேதி முதல் அது நடப்பில் இருக்கிறது. தன் பிரேக்கையும் வளைவையும் வேலைக்குப் புறப்பட்ட நேரத்தையும் வைத்துக் கார் போட்ட கணக்கு அந்த உரிமைக்குள் வருமா என்பது, ஜொகூரில் யாராவது ஒருவர் எழுதிக் கேட்கும்போதுதான் தெரியும்.